நெட்டியின் நீலத் தட்டு

லார்க்டேல்,
20 மார்ச் 1994

அன்புள்ள கோரின்,

இங்கே நானும் உன் அத்தான் கீத்தும் சுகம். அவருக்கு இடுப்பு வலி. பனி அள்ளாதே என்றால் கேட்பாரா? நீ எப்படி இருக்கிறாய்? தூக்கம் வருகிறதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டிருந்தேன். நீயோ யெல்லோநைஃபின் வானிலையை ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறாய். வானிலை எனக்கு எதற்கு? அதை ரேடியோவில் கேட்டுக்கொள்கிறேன். தங்கை உடம்பைப் பற்றி எழுது.

எனக்குத் தலைக்கு மேல் வேலை. ஏப்ரல் ஒன்பதாம் தேதி பள்ளியில் வசந்த விழா. பழைய சறுக்குமரம் துருப்பிடித்துப் போய், அதிகாரி வந்து சிவப்பு நாடா சுற்றிவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகள் இடைவேளையில் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன, பார்க்கச் சகிக்கவில்லை. விழாவில் சேரும் பணத்தில் புதுச் சறுக்குமரமும் ஊஞ்சலும் வாங்கி, ஜூனில் ஊரே கூடி நட்டுவிடுவதாக முடிவு. பெற்றோர் குழுவுக்குத் தலைவி யார் என்கிறாய்? உன் அக்காதான். பிள்ளைகள் படித்து முடித்துப் போன பிறகும் இந்தத் தலைவலியை வேறு யார் வாங்கிக்கொள்வார்கள்?

கேக் நடை வழக்கம்போல உண்டு. தரையில் எழுதிய எண்களின் மேல் எல்லோரும் சுற்றி நடக்க, பாட்டு நின்றதும் ஒருவர் எந்த எண்ணின் மேல் நிற்கிறாரோ அந்த எண் கேக் அவருக்கு. ஆனால் இந்த வருஷம் ஒரு விதி போட்டிருக்கிறேன். முதல் வகுப்பில் ரோண்டாவின் மகள் ஜானாவுக்குப் பாதாம், வால்நட் போன்ற எதுவும் ஆகாது. நாக்கில் பட்டாலே தொண்டை வீங்கிவிடும். அதனால் எந்தக் கேக்கிலும் கொட்டைப் பருப்பு கூடாது என்று நானே பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன். சிலர் முணுமுணுத்தார்கள். பள்ளிச் சமையல்காரி நெட்டிதான் அவர்கள் வாயை அடைத்தாள். "பிள்ளை உயிரைவிட வால்நட் பெருசா?" என்று கேட்டாள்.

நெட்டி உன்னை விசாரித்தாள். நீ வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன பிறகு உன் ஃப்ரீசரை அப்படியே தூக்கிவந்து எங்கள் நிலவறையில் வைத்திருக்கிறோம். மெதுவாகக் காலி செய்கிறேன்.

உன் அக்கா,
மார்லிஸ்

யெல்லோநைஃப்,
2 ஏப்ரல் 1994

அன்புள்ள அக்கா,

உடம்பைப் பற்றி எழுதச் சொன்னாய்; எழுதுகிறேன். சாப்பிடுகிறேன். தூக்கம் பாதி ராத்திரி வரை உண்டு, பிறகு இல்லை. ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை நிறைய. அது நல்லதாகத்தான் இருக்கிறது. டுவேன் போய் ஐந்து மாதம் ஆகிறது. இங்கே யாருக்கும் அவரைத் தெரியாது. நானாகச் சொன்னால்தான் உண்டு.

அத்தான் இடுப்புக்குச் சூடு வைக்கச் சொல்.

ஃப்ரீசரில் இருப்பதெல்லாம் அவர் சாவுக்கு ஊர் கொண்டுவந்த சாப்பாடு. என்னால் ஒரு வாய் உண்ண முடியவில்லை. நெட்டியின் கேரட் கேக்கை மூடியைக்கூடத் திறக்காமல் அப்படியே உள்ளே வைத்தேன். நீங்கள் சாப்பிடுங்கள், இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள். ஆனால் பாத்திரங்களை மறக்காமல் அவரவர் வீட்டில் சேர்த்துவிடு. அடியில் டேப்பில் பேர் இருக்கும். வெறும் பாத்திரமாகக் கொடுத்துவிடாதே, அக்கா. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. லார்க்டேலில் காலிப் பாத்திரம் திருப்பிக் கொடுத்தவர்களைப் பற்றி எத்தனை வருஷம் பேசுவார்கள் என்று தெரியுமே.

விழா நன்றாக நடக்கட்டும். ஜானாவுக்கு என் முத்தம்.

உன்,
கோரி

லார்க்டேல்,
17 ஏப்ரல் 1994

அன்புள்ள கோரி,

நாங்கள் சுகம் என்று எழுதத்தான் வேண்டும். ஊர் சுகமாக இல்லை.

விழாவுக்கு நல்ல கூட்டம். எனக்குக் காலையிலிருந்தே ஓட்டம். தருவதாகச் சொன்ன கேக் ஒன்று வரவில்லை, எப்படியோ மேசையை நிரப்பினேன். கேக் நடையில் ஏழாம் எண் ஜானாவுக்கு விழுந்தது. குழந்தை குதித்த குதி! கதவில் விதி ஒட்டியிருக்கிறதே என்ற தைரியத்தில் ரோண்டா வண்டியில் போகும்போதே ஒரு விள்ளல் கொடுத்திருக்கிறாள். பாதி வழியில் உதடு வீங்கி, முகம் நீலம் பாரித்துவிட்டது. பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மூச்சே நின்றுவிட்டதாம். பிழைத்துவிட்டாள். மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கடவுள் கண் திறந்தார்.

கேக் தட்டைக் கவிழ்த்தால் அடியில் நெட்டியின் பேர். நீல விளிம்பு எனாமல் தட்டு.

நெட்டியைக் கேட்டால் தான் கேக்கே செய்யவில்லை என்றாள். காலையிலிருந்து சூப்புப் பானை பக்கத்திலேயே நின்றிருந்தாளாம். தலைமை ஆசிரியர் ஃபென்விக் மீதிக் கேக்கைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவள் ஒரு துணுக்கை எடுத்து மோந்து பார்த்தாள், வாயில் போட்டாள். மாவாய் அரைத்த வால்நட், ஆறிய காப்பி ஊற்றிக் கலக்கிய மாவு. ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது என் கைதான்," என்றாள். "ஆனா இதை நான் எப்பச் செஞ்சேன்?"

யாரும் அதை நம்பவில்லை. பொய் சொல்கிறாள் என்று பாதிப் பேர், புத்தி தடுமாறிவிட்டது என்று பாதிப் பேர். பள்ளி வாரியம் அவளை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. ஜூன் 28 கூட்டத்தில் முடிவு.

இதற்கு மேல் எழுத முடியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

யெல்லோநைஃப்,
29 ஏப்ரல் 1994

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஜானா இப்போது ஓடியாடுகிறாளா? ரோண்டாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நீயும் பாவம், உன் விழாவில் இப்படி ஆகவேண்டுமா. சரியாகச் சாப்பிடு, கவலை வந்தால் நீ காப்பியிலேயே நாளை ஓட்டுகிறவள்.

நெட்டி விதியை மீறினாள் என்றால் நான் நம்பமாட்டேன். டுவேன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள்தான் சூப்பு கொண்டுவருவாள்; டாக்டர் உப்பில்லாத சூப்பு என்றால் உப்பில்லாத சூப்புதான். ஒரு சிட்டிகை போட்டால் என்ன என்று நானே கெஞ்சியும் போடவில்லை. அப்படிப்பட்டவள் ஆறு வயதுப் பிள்ளை சாப்பிடும் இடத்தில் வால்நட் வைப்பாளா?

ஒன்று புரியவில்லை. நீல விளிம்பு எனாமல் தட்டு என்கிறாயே, அதில்தானே டுவேன் சாவுக்கு நெட்டி கேக் கொண்டுவந்தாள்? அது என் ஃப்ரீசரில் அல்லவா இருந்தது? நீ அதை எப்போது திருப்பிக் கொடுத்தாய்? அவளிடம் அந்த மாதிரி இரண்டு இருக்கிறதோ என்னவோ.

அத்தானுக்கு என் அன்பு.

கோரி

லார்க்டேல்,
20 மே 1994

அன்புள்ள கோரி,

பதில் தாமதம், கோபிக்காதே. உன் அத்தானின் இடுப்பு தேவலை. விதைப்பு முடிந்தது. லைலாக் மொட்டு விட்டிருக்கிறது. நீ இருந்தால் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு போயிருப்பாய். தோட்டத்தில் தரை அணில்கள் வளை தோண்டிப் பட்டாணியை எல்லாம் காலி செய்துவிட்டன. உருளைக்கிழங்கு போட்டாகிவிட்டது.

சறுக்குமரம் வந்து இறங்கிவிட்டது. பெரிய பெரிய அட்டைப்பெட்டிகள். ஜூன் 18 சனிக்கிழமை நடுகிறோம். யார் குழி தோண்டுவது, யார் சிமென்ட் கலப்பது என்று நான்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஜானா நன்றாக இருக்கிறாள். எந்தச் சாப்பாட்டைக் கண்டாலும் அம்மா முகத்தைப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

நெட்டி வெளியே அதிகம் வருவதில்லை. டாக்டரிடம் போய் ஞாபகசக்திக்குப் பரிசோதனை செய்துகொண்டாளாம். அவள் அம்மா இதே வயதில்தான் எல்லாவற்றையும் மறந்து, செருப்பில்லாமல் பனியில் நடந்து போனாள், நினைவிருக்கிறதா? நெட்டி இப்போது அடுப்பை அணைத்தோமா என்று கடைவீதியிலிருந்து இரண்டு தடவை திரும்பி வீட்டுக்குப் போகிறாள். தபால் நிலையத்தில் பார்த்தேன். இளைத்துவிட்டாள்.

பாத்திரங்கள் எல்லாம் கொடுத்தாகிவிட்டது.

கம்பளிச் சட்டை அனுப்பட்டுமா? அங்கே இன்னும் குளிர்தானே.

அக்கா

யெல்லோநைஃப்,
30 மே 1994

அக்கா,

நான் சுகம். கம்பளிச் சட்டை வேண்டாம்.

அணில், லைலாக், உருளைக்கிழங்கு எல்லாம் படித்தேன். என் கேள்விக்கு ஒரே ஒரு வரி. அதுவும் எப்போது கொடுத்தாய் என்று இல்லை.

நேரடியாகவே கேட்கிறேன். நெட்டி அந்தக் கேக்கை நவம்பரில் செய்தாள், டுவேனைப் புதைத்த அன்றைக்கு. அப்போது எந்த விதியும் கிடையாது. சாவு வீட்டுக்கு வால்நட் போட்டுக் கேக் கொண்டுவருவதில் என்ன தப்பு? அந்த ஃப்ரீசர் உன் நிலவறையில் இருந்தது. விழா அன்று ஒரு கேக் குறைந்தது, எப்படியோ மேசையை நிரப்பினேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். எப்படி நிரப்பினாய், அக்கா?

நான் தப்பாக நினைத்திருந்தால் திட்டி எழுது. காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் எழுது.

கோரி

யெல்லோநைஃப்,
13 ஜூன் 1994

அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இரண்டு வாரமாகத் தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடுகிறேன். நேற்றுப் போன் செய்தேன். அத்தான் எடுத்தார். நீ தோட்டத்தில் இருப்பதாகச் சொன்னார். பின்னால் உன் இருமல் கேட்டது.

கூட்டத்துக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது.

கோரி

லார்க்டேல்,
19 ஜூன் 1994

அன்புள்ள கோரி,

ஆமாம். அந்தக் கேக்தான்.

காலை ஒன்பது மணிக்கு ஏழாம் எண் மேசையில் காலியாகக் கிடந்தது. என் மேசையில் ஒரு கேக் குறைந்தது என்று ஒருத்தி சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பு. வீட்டுக்கு ஓடிப்போய் ஃப்ரீசரிலிருந்து எடுத்து, இளக வைத்து, மேலே வெள்ளைச் சர்க்கரைப் பூச்சைப் பூசினேன். வால்நட் மாவாய்க் கலந்திருந்ததால் கண்ணில் படவில்லை. கேரட் கேக் என்றுதான் மனதில் இருந்தது. விதியை எழுதி ஒட்டிய நானே அதை நினைக்கவில்லை, கோரி. உன் புருஷன் சாவுக்கு வந்த கேக்கை விழா மேசையில் வைத்தேன் என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்? முதலில் அந்த வெட்கம்தான் வாயை அடைத்தது. ஜானா வீடு வந்த மறுநாள் ரோண்டா பள்ளி வாசலில் நின்று, இதைச் செய்தவள் இனி இந்த ஊரில் முகத்தைக் காட்டக் கூடாது என்று கத்தினாள். பிறகு ஒவ்வொரு நாளும் நேற்றைவிடக் கஷ்டமாகிவிட்டது.

நேற்றுச் சறுக்குமரம் நட்டோம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். நெட்டியை யாரும் கூப்பிடவில்லை, அவளே வந்தாள். ஊர் வேலை என்றால் இலவங்கப்பட்டை ரொட்டி அவளுடையதுதானே. கூடை நிறையச் சுட்டுக் கொண்டுவந்து வண்டியின் பின்பலகையில் வைத்து, துணியை விலக்கினாள். வாசனை மைதானம் முழுக்கப் பரவியது. எல்லோருக்கும் உடனே வேலை வந்துவிட்டது. சாப்பிட்டாகிவிட்டது என்றார்கள் சிலர். அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவிடாமல் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள்.

கடைசியில் என்னிடம் வந்தாள். "மார்லிஸ், நீயாவது ஒண்ணு எடுத்துக்கயேன்," என்றாள்.

என் கையெல்லாம் கிரீஸ் என்றேன்.

அவள் கூடையை மூடிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனாள்.

இதை உன்னிடம் சொல்லிவிட்டேன். இது போதும், கோரி. நெட்டி ஓய்வுபெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. எப்படியும் வீட்டில் உட்காரப் போகிறவள். நான் இந்த ஊரிலேயே இருந்து சாக வேண்டியவள். பேசாமல் விட்டுவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

யெல்லோநைஃப்,
23 ஜூன் 1994

அக்கா,

விமானத் தபாலில் அனுப்புகிறேன். கூட்டத்துக்கு முன் கிடைக்கும்.

கேக்கை எடுத்தது தெரியாமல் நடந்தது. டுவேன் இருந்திருந்தால் சிரித்திருப்பார், என் சாவுக்கு வந்தது வீணாகவில்லையே என்று. அதற்காக எனக்கு உன்மேல் துளியும் கோபமில்லை. அந்த ரொட்டியை நீ எடுக்காததுதான் எனக்குத் தாங்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே அவள்மேல் பழியைப் போட்டதோடு அவள் புத்தியையும் அல்லவா பிடுங்கிக்கொண்டாய்? அடுப்பை அணைத்தோமா என்று நடுவழியில் திரும்புகிறாளே, அதை எனக்கு எழுதும்போது உன் கை எப்படி நகர்ந்தது?

28ஆம் தேதி மாலை கூட்டம் முடியும்வரை பொறுத்திருப்பேன். எட்டு மணிக்கு நெட்டி வீட்டுக்குப் போன் செய்வேன். நம்பர் எனக்கு மனப்பாடம். அதற்குள் நீ சொன்னால் நல்லது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பாய்?

நான் உன் தங்கைதான், எப்போதும். ஆனால் நான் சும்மா இருக்கமாட்டேன்.

கோரி

லார்க்டேல்,
10 ஜூலை 1994

அன்புள்ள கோரி,

நான் நடமாடுகிறேன். உன் அத்தான் சுகம், அதிகம் பேசுவதில்லை. நீ சுகமா?

நெட்டியிடம் நீ பேசியிருப்பாய். ஆனாலும் என் பங்குக்கு நானே எழுத வேண்டும்.

உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நான் முன்வரிசை. சொல்லத்தான் வந்திருந்தேன் என்று உனக்கு எழுத ஆசை. ஆனால் உட்கார்ந்திருந்த நிமிஷம் வரை சொல்வேனா என்று எனக்கே தெரியாது. வாரியத்துக்காரர் தொண்டையைக் கனைப்பதற்குள் நெட்டி எழுந்துவிட்டாள். சர்ச்சுக்குப் போடும் சட்டை போட்டிருந்தாள். யாரும் தன்னை நீக்க வேண்டியதில்லை, தானே போய்விடுவதாகச் சொன்னாள். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறாராம். அவள் அம்மாவுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்களாம். "என் புத்தி மேல எனக்கே நம்பிக்கை இல்லே," என்றாள். "பிள்ளைங்களுக்கு நான் சமைக்கக் கூடாது." சமையலறைச் சாவியை மேசைமேல் வைத்தாள். அதில் அவள் கட்டியிருந்த சிவப்பு நூல் அப்படியே இருந்தது.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. "சாவியை எடுத்துக்க நெட்டி," என்றேன். "கேக் நீ செஞ்சதுதான். நவம்பர்ல, டுவேன் சாவுக்கு. ஃப்ரீசர்ல இருந்ததை எடுத்து விழாவுல வெச்சது நான்."

 நெட்டி என்னைப் பார்த்தாள். "அப்ப எனக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று கேட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை என்றேன். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் முதுகைத் தடவினார்கள். ரொட்டியைத் தொடாத அதே கைகள். அழுகை அடங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"அன்னிக்கே."

 நெட்டி சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். செப்டம்பரில் வேலைக்குத் திரும்புகிறாள். நான் குழுவிலிருந்து விலகிவிட்டேன். ரோண்டா என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போகிறாள், அது நியாயம்தான். ஜானா சறுக்குமரத்தில் ஏறி ஏறி இறங்குகிறாள்.

நீலத் தட்டு ஃபென்விக்கின் அலமாரியில் இருந்தது. அதை நானே திருப்பிக் கொடுக்கட்டும் என்று என்னிடம் தந்தார். நெட்டிக்குப் போன் செய்தேன். தோட்டத்தில் புளிப்பு ருபார்ப் தண்டு பறித்து இனிப்பு செய்திருக்கிறேன், தட்டில் வைத்து நாளைக் காலை கொண்டுவருகிறேன் என்றேன். 

"கொண்டு வா," என்றாள். "காலியாக் கொண்டு வா."

செய்துவைத்த ருபார்ப்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, தட்டைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு கடைவீதி வழியாகத்தான் போனேன். கையில் காலித் தட்டு. தபால் நிலையத்து வாசலில் நின்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நெட்டி கதவைத் திறந்து வாங்கிக்கொண்டாள். கவிழ்த்துத் தன் பேர் இருக்கிறதா என்று பார்த்தாள். நன்றி சொன்னாள், தபால்காரரிடம் சொல்கிற மாதிரி. உள்ளே அடுப்பில் என்னவோ வெந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் காப்பி குடிக்காமல் விடமாட்டாள்.

ருபார்ப் இன்னும் என் சமையலறை மேசையில் இருக்கிறது. உன் அத்தான் தொடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், கோரி. பதில் போடு. வேறு எதுவும் எழுத மனம் வராவிட்டால் அந்த ஊர் வானிலையையாவது எழுது.

உன் அக்கா,
மார்லிஸ்